ஒரு கூரை, பல அடுப்பு

கூட்டுக் குடும்பம் குலைந்துபோயிற்றே என்று அங்கலாய்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்து உண்டவர்களாகவே இருக்கிறார்கள். நின்று பரிமாறியவர்கள் அவ்வாறு அங்கலாய்த்து நான் அதிகம் கேட்டதில்லை. பல வருஷங்களாக எனக்குள் அரைகுறையாகக் கிடந்த இந்த எண்ணம், சித்திரை பிறந்து, பரீட்சைகள் முடிந்து, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகளும் பெண்களும் பேரப்பிள்ளைகளும் வந்திறங்கி, மற்ற நாளெல்லாம் இரண்டு கிழங்கள் மட்டுமே காவல் காக்கும் எங்கள் வீடு நிரம்பி வழிந்த இந்தக் கோடையில்தான் ஓர் உருவத்துக்கு வந்தது.

பொன்னமராவதிக்கும் திருமயத்துக்கும் இடையில், பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த நகரத்தார் ஊர்களுள் ஒன்று எங்களுடையது. செட்டிநாடு என்றவுடன் காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் மட்டும் நினைத்துக்கொள்ளும் அன்பர்களுக்கு, ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி என்று எங்கள் பக்கத்திலும் ஊர்கள் உண்டு என்று நினைவூட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. வீடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இவற்றைக் கட்டியவர்கள் இரண்டு பகைகளை எதிர்பார்த்துக் கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றும்: ஒன்று வெயில், மற்றொன்று உறவு. (உறவைப் பகை என்பது மிகை, உறவின் நெருக்கடி என்று திருத்திக்கொள்கிறேன்.) முதலாவதற்காகக் கனத்த சுண்ணாம்புச் சுவரும், அடுக்கடுக்காகப் பரப்பிய ஓடும், உயர்ந்த மச்சும், முகப்பிலிருந்து பின்கட்டு வரை காற்று ஓடும்படி நேர்வரிசையில் வைத்த வாசல்களும் அமைத்தார்கள், அக்னி நட்சத்திரத்தின் உச்சிப்பொழுதிலும் பட்டாலை என்ற கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தால் தூக்கம் வருகிறது. இரண்டாவதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பற்றியே எழுத வந்தேன்.

முதலில் இந்தக் கோடையின் ஆரவாரம். வடகாட்டிலிருந்து பலாப்பழம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபின், அங்கிருந்து வரும் ஒவ்வொரு பழத்தையும் ஒரு மரியாதையோடுதான் வெட்டுகிறோம். வருகிற வழியில் ஆதனக்கோட்டையில் காரை நிறுத்தி வாங்கிய வறுத்த முந்திரி, வீட்டு வாசலை அடைவதற்குள் பாதியாகியிருந்தது. குளியலறை வாசலில் வரிசை. மின்விசிறிக்கு அடியில் இடம்பிடிக்க வழக்கு. மொட்டை மாடியில் காயும் வற்றலுக்குக் காவல் போட்ட பேரனே அதைத் தின்றுகொண்டிருந்தான் என்ற குற்றச்சாட்டு. இவையெல்லாம் ஒரு கிழவனுக்குச் சங்கீதம். ஆனால் இந்தச் சங்கீதத்துக்குச் சுருதி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுப்படியில் இருந்தார்கள். காலை ஐந்தரைக்குக் குழந்தைகளுக்குப் பால், எனக்குச் சர்க்கரையில்லாத காப்பி, மாப்பிள்ளைகளுக்குச் சர்க்கரையுள்ள காப்பி என்று தொடங்குகிற பணி, பலகாரம், சோறு, மாலையில் பணியாரம், இரவில் இடியாப்பம் என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டே போய், கடைசிப் பாத்திரம் கவிழ்க்கப்படும்போது பத்தரை ஆகிவிடும். பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் மூத்த மருமகள் என் மனைவியிடம், "அயித்தை, லீவு போடாம ஆபீசுக்கே போயிருக்கலாம் போல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. சிரிப்பு நிஜமானது, சொன்னதும் நிஜமானதுதான்.

2019-ஆம் வருஷத்தில் மத்திய அரசு நாடு முழுதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், அவ்வாறு ஈடுபடும் ஆண் 97 நிமிஷமும் செலவிடுவதாகக் கண்டார்கள். ஆண்களில் ஈடுபடுபவர்களே கொஞ்சம் என்பது வேறு விஷயம். இது சாதாரண நாளின் கணக்கு. வீடு நிறைந்த கோடை நாளின் கணக்கை எங்கள் அடுப்படியில் வந்து எடுத்திருந்தால் அதிகாரிகள் தங்கள் அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டியிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பழையவர்களின் ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் பெரிய குடும்பம் முழுதும் ஒரே உலையில் பொங்கி உண்டது என்று எண்ணி, அதையே லட்சியமாகக் கொண்டு, இன்று நாம் கூடும்போதெல்லாம் ஒரே அடுப்பை மூட்டுகிறோம். எங்கள் சமூகத்தைப் பொறுத்தமட்டில் நடந்தது நேர்மாறானது. மகனுக்குக் கல்யாணமாகிச் சிறிது காலம் சென்றதும், நல்ல நாள் பார்த்து அவனையும் அவன் மனைவியையும் 'வேறு வைப்பது' சம்பிரதாயம். வேறு வைப்பதென்றால் வெளியேற்றுவதல்ல. அதே வீட்டில், அதே கூரையின்கீழ், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை, பின்கட்டில் அவர்களுக்கென்று ஓர் அடுப்பு, பாத்திரம் பண்டங்கள், அரிசி பருப்பு மிளகாய் புளி, வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று வரையறுத்த ஒரு தொகை. அதற்குள் குடித்தனம் நடத்துவது அந்தச் சிறுபெண்ணின் சாமர்த்தியம். உப்பைக் கூடப் போட்டாலும் குறையப் போட்டாலும் உண்பவன் அவள் கணவன் ஒருவனே; பதினைந்து பேர் முன்னிலையில் அவள் தலைகுனிய வேண்டியதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலில் இந்த வழக்கத்தைக் குறித்துவைத்திருக்கிறார். விதவையான தாய்கூட மகனோடு ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தனியே சமைத்துக்கொள்வதை அவர் விட்டுவிடவில்லை. விசேஷ நாட்களிலும் முன்னோரை வணங்கும் படைப்பு அன்றும் எல்லா இலைகளும் ஒரே வரிசையில் விழும்; மற்ற நாட்களில் அவரவர் கட்டு, அவரவர் குழம்பு.

வியாபாரிகளின் மூளையில் உதித்த ஏற்பாடு என்று இதைப் பரிகசிக்கலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை, வீடென்பது பெண்களின் ராஜ்யமாக இருந்தது. ஒரு வளவில் நான்கைந்து ஓரகத்திகள் கணவனின் துணையில்லாமல் வருஷக்கணக்கில் சேர்ந்திருக்க வேண்டுமானால், யார் அதிகம் உழைத்தாள், யார் பிள்ளைக்கு நெய் அதிகம் விழுந்தது என்ற விவகாரத்துக்கு முன்கூட்டியே வழியடைக்க வேண்டியிருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்து, பெட்டகங்களையும் நிலங்களையும் விட்டுவிட்டு எங்கள் பெரியவர்களில் பலர் மலையும் காடும் கடந்து நடந்தே ஊர்திரும்பியபோது, அடுத்த மாதச் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தவர்கள் அந்தச் சின்னச் சின்ன அடுப்புகளின் எஜமானிகள்தான் என்று என் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

குறையில்லாத ஏற்பாடு என்று நான் வாதிக்க வரவில்லை. வசதியுள்ள தம்பியின் அடுப்பில் வதங்கும் கறியின் மணத்துக்கு, நொடித்துப்போன அண்ணனின் அடுப்பு பதில் சொல்ல முடியாது. மணத்துக்குத் தடுப்புச் சுவர் ஏது? தம்பதியை ஒரு புள்ளியாகவும், துணையை இழந்தவரை அரைப்புள்ளியாகவும் எண்ணிக் கோயில் வரி விதிக்கும் எங்கள் வழக்கத்தில், வரி பாதியாவதன் இரக்கத்தைக் காட்டிலும், மனிதர் பாதியாவதன் கடுமைதான் எனக்கு முதலில் படுகிறது. தவிர, அடுப்பைப் பிரித்தவர்கள் அதன்முன் நிற்கும் ஆளை மாற்ற நினைக்கவில்லை. ஆயினும், அன்போடு ஓர் எல்லையும் இருந்தால்தான் பலர் நெடுநாள் சேர்ந்திருக்க முடியும் என்பதை அவர்கள் வாயால் சொல்லாமல் செங்கல்லால் சொன்னார்கள். ஒரே அடுப்பில் இன்று நாம் காட்டும் ஒற்றுமைக்கு, கணக்கில் வராமல் கடன் கொடுத்தவள் ஒருத்தி எப்போதும் இருக்கிறாள்.

ஆகையால் அக்னி நட்சத்திரம் பாதி கழிந்தபோது என் மனைவி மூன்றாம் கட்டைத் திறந்து பெருக்கச் சொன்னாள். ஒட்டடை படிந்து கிடந்த பழைய அடுப்புமேடைகளில் சிறு காஸ் அடுப்புகள் ஏறின. காலைப் பலகாரம் அவரவர் குடும்பத்துக்கு அவரவர். இரவுச் சாப்பாடு மட்டும் பொது, அதுவும் ஆண்கள் பொறுப்பு என்று உத்தரவாயிற்று. என் மகன்களின் உப்புமாவைப் பற்றி அதிகம் எழுதுவது குடும்பத்துக்குக் கௌரவமல்ல. ஆனால் இளைய மருமகள் ஒன்பது மணிக்கு எழுந்து, தன் அடுப்பில் தன் கணவனுக்கும் மகளுக்கும் நூடுல்ஸ் கிண்டிக் கொடுத்ததைக் கண்டு முகம் சுளிக்க இந்த வீட்டில் யாருக்கும் அதிகாரமில்லாது போயிற்று; அந்த வாரத்துக்குப் பின்தான் அவள் வளவில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

குழந்தைகளோ கட்டு வித்தியாசம் பார்க்காமல் எல்லா அடுப்பிலும் உண்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அண்ணன் தம்பி என்ற அனுபவத்தை வருஷத்தில் ஒரு மாதம் கடன் வாங்கித்தான் இந்தத் தலைமுறை பெற வேண்டியிருக்கிறது. என் பேரப்பிள்ளைகளிலும் இருவர் ஒற்றைப் பிள்ளைகள். பட்டாலைத் தூண்களுக்கிடையே அவர்கள் போட்ட சண்டைகளை நாங்கள் யாரும் விலக்கவில்லை.

கடந்த தையில் மணமான மூத்த பேரனின் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள்; ஆடிக்கு முன்பே தாய்வீடு போய்விடுவாள். அவர்களை எப்போது வேறு வைப்பது என்று என் மனைவி பேச்செடுத்தாள். "சென்னையில நாங்க வேறயாத்தானே இருக்கோம் அப்பத்தா, இங்க எதுக்கு?" என்றாள் அந்தப் பெண். "அங்கே இருக்கறது வாடகை அடுப்புடி ஆத்தா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீ வரும்போது ஒன் கையால பால் காய்ச்ச இங்கயும் ஒண்ணு வேணும்" என்று பதில் வந்தது. மேற்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுப்பதாக முடிவாயிற்று. அதிலுள்ள ரங்கூன் பெட்டிகளை எங்கே வைப்பது என்பதில் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது. காஸ் வேண்டாம், மின்சார அடுப்புத்தான் வேண்டும் என்கிறான் பேரன். அவன் சமைப்பதாக இருந்தால் எந்த அடுப்பும் சம்மதம் என்கிறாள் என் மனைவி. அதற்குப் புதிதாக மின்கம்பி இழுக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரைச் சேதமில்லாமல் குடையத் தெரிந்த ஆள் பொன்னமராவதியில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.