தீர்ப்பைத் தள்ளிவைக்கும் துணிவு

குற்றவாளியைத் துரத்தும் கதைகளில் காலமே பெரும்பகையாகக் காட்டப்படுகிறது. மணித்துளிகள் கரைகின்றன, புலனாய்வாளர் ஓடுகிறார், விதியை மீறியேனும் உண்மையை எட்டிவிடும் அவரை நாம் வியந்து நோக்குகிறோம். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ.யைப் பற்றிய தொடர்கள் பலவும் இவ்வச்சில் வார்க்கப்பட்டவையே. அவற்றுள் 'மேன்ஹன்ட்' என்னும் தொடர் நடந்த வழக்குகளையே கதையாகக் கொண்டது. ஆதலால் கதைக்குரிய விரைவையும் அறத்துக்குரிய பொறுமையையும் அருகருகே வைத்து எண்ணிப்பார்க்க அது இடந்தருகிறது.

2017இல் வந்த அதன் முதற்பருவம் டெட் கசின்ஸ்கியைப் பற்றியது. கணிதப் பேராசிரியராக இருந்து, பின் மொன்டானா மலைக்காட்டில் மின்விளக்கும் குழாய்நீரும் அற்ற மரக்குடிலில் ஒதுங்கிய அவர், 1978 முதல் 1995 வரை 16 குண்டுகளால் மூவரைக் கொன்றார். இருபதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தினார். அந்தப் பதினேழு ஆண்டுகளும் எண்ணற்ற அலுவலர் தடயங்களைச் சேர்த்தும் ஒப்பிட்டும் ஏமாந்தும் மீண்டும் தொடங்கியும் உழைத்தனர். தொடரோ அவ்வுழைப்பின் பெரும்பகுதியை மொழிநடை ஆராய்ந்த ஒருவரின் தோளில் ஏற்றி, அவர் சிறையில் குற்றவாளியோடு நேருக்கு நேர் சொற்போர் புரிவதாகவும் புனைந்துகொண்டது. கதைக்கு நாயகன் ஒருவன் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பலர் தம் பெயர் மறைந்துபோக ஆற்றிய கடமையை ஒருவரின் அறிவுமின்னலாகச் சுருக்கும்போது, பொறுமை என்னும் பண்பே காண்பவர் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது.

அப்பண்பு அற்றுப்போனால் என்ன நேரும் என்பதற்கு, 2020இல் வந்த இரண்டாம் பருவத்தின் வழக்கு சான்றாக நிற்கிறது. 1996 ஜூலை 27 அன்று அட்லாண்டா நகரில், ஒலிம்பிக் விழாவுக்கென அமைத்த பூங்காவில் ஐயத்துக்குரிய பையொன்றை ரிச்சர்டு ஜூவல் என்னும் காவலாளி கண்டார். காவல்துறைக்கு உணர்த்தி, மக்களை அப்புறப்படுத்தவும் துணைநின்றார். குண்டு வெடித்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர் விழிப்பாக இராவிடில் இழப்பு பன்மடங்காகியிருக்கும். மூன்றே நாளில் அவர்மேலேயே ஐயம் விழுந்து, அது செய்தித்தாளிலும் ஏறியது. பயிற்சிக்கான படம் எடுக்கிறோம் என்று சொல்லி அவரை அழைத்து, அச்சாக்கில் அவர்தம் உரிமைகளை விட்டுக்கொடுக்கச் செய்யவும் அலுவலர் முயன்றனர். உண்மையைத் தேடுவோர் பொய்யைக் கருவியாக்கிய அந்த நொடியிலேயே தேடலின் தூய்மை கெட்டது. 88 நாள்கள் அவர் வீட்டுவாயிலைச் செய்தியாளர் கூட்டம் சூழ்ந்து நின்றது. அதன்பின் அவர் ஐயத்துக்குரியவர் அல்லர் என்று அரசு எழுத்தில் அறிவித்தது. பழி தூற்றிய குரல் எட்டிய தொலைவுக்கு அவ்வறிவிப்பின் குரல் எட்டவே இல்லை. 2007இல், 44ஆம் அகவையில், அவர் இறந்தார்.

உண்மைக் குற்றவாளி எரிக் ருடால்ஃப் அட்லாண்டா குண்டுவெடிப்புக்குப்பின் மேலும் மூன்று இடங்களில் குண்டு வைத்தார். கடைசியில் 2003இல், வட கரோலினாவின் மர்ஃபி என்னும் சிற்றூரில், கடையொன்றின் பின்புறக் குப்பைத் தொட்டியருகே அவரைப் பிடித்தவர் வழக்கமான இரவு ரோந்திலிருந்த இளங்காவலர் ஒருவர். பெரும்படையாய்த் திரண்ட தேடலுக்கு அகப்படாதவர், அன்றாடக் கடமையில் சோராத ஒருவரிடம் அகப்பட்டார்.

புலனாய்வாளருக்கு வேண்டிய முதல் ஒழுக்கம் தம் ஊகத்தின்மேல் தாமே ஐயுறுவது. கூட்டம் ஒரு பெயரைக் கேட்டு ஆரவாரிக்கும்போது, பெயரின்றி நிற்கும் வெறுமையைத் தாங்கத் துணிவு வேண்டும். துப்பாக்கி முன் நிற்கும் துணிவினும் இது அரிதென்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இதற்குக் கைத்தட்டல் இல்லை.

அத்துணிவை முழுமையாகக் கண்டது பதவியில் இருந்த எவரிடத்தும் அன்று. டெட் கசின்ஸ்கி பெயர் மறைத்து எழுதிய கட்டுரை 1995 செப்டம்பரில் நாளிதழில் வெளியாவதற்கு முன்பே, அவர் தம்பி டேவிட்டிடம் ஐயத்தை முதலில் எழுப்பியவர் டேவிட்டின் மனைவி. தம்பி உடனே நம்பவுமில்லை, உடனே மறுத்து ஒதுக்கவுமில்லை. கட்டுரை வந்தபின், அண்ணன் எழுதிய பழைய மடல்களை எடுத்து, சொல்லோடு சொல்லை ஒப்பிட்டு, வாரக்கணக்கில் தம்மையே எதிர்த்து வழக்காடினார். பேசாதிருந்தால் இன்னொருவர் சாகலாம். பேசினால் அரசு அண்ணனைக் கொல்லலாம். முடிவில் பேசினார். 1996 ஏப்ரலில் அண்ணன் பிடிபட்டார். அரசு மரண தண்டனை கேட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வாழ்நாள் சிறையாக அது முடிந்தது. அண்ணன் தம்பியோடு உறவை முறித்துக்கொண்டு 2023இல் சிறையிலேயே மறைந்தார்.

கைவிலங்கு பூட்டியதும் கதை நின்றுவிடும். டேவிட்டின் கடன் அங்கேதான் தொடங்கியது. தமக்குக் கிடைத்த பத்து இலட்சம் டாலர் வெகுமதியில் செலவு போக எஞ்சியதைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென ஒதுக்கினார். அவர்களை நாடி மன்னிப்பு வேண்டினார். நியூயார்க்கில் மரண தண்டனையை எதிர்க்கும் அமைப்புக்குத் தலைமை ஏற்றார். அண்ணன் வைத்த குண்டால் காயமுற்ற ஒருவர் அவர்க்கு நண்பரானார். பின்னாளில் இருவரும் ஒரே மேடையில் நின்று பேசினர்.