வீட்டைத் தீர்மானிப்பவர் யார்?

ஊரில் பழைய நாற்சார் வீடுகள் இடிபடுவது பற்றி நம்மிடையே ஒரு புலம்பல் இருந்துவருகிறது. போய் வருபவர்கள் படம் பிடித்து வந்து காட்டுகிறார்கள். பீலி ஓடு இறக்கப்பட்டு, வளைகள் விறகாக அடுக்கப்பட்டு, அந்த இடத்தில் இரண்டு தட்டுக் கொங்கிறீற் வீடு எழும்பி நிற்கிறது. கறுப்புக் கண்ணாடி யன்னல், வழுக்கும் தரை, மினுங்கும் உருக்குக் கைபிடி. பார்த்ததும் கலாசாரம் அழிகிறது என்கிறோம். இதை நாம் சொல்வது ரொம்மனில், எழுபதுகளில் எழுந்த தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் தட்டிலிருந்து. அந்தக் கொங்கிறீற் வீட்டுக்குப் போன காசிலும் பெரும்பங்கு இப்படியான தட்டுகளிலிருந்துதான் போயிருக்கிறது.

ஆகவே இதைக் கட்டடக்கலைப் பிரச்சினை என்று மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. ஓர் இடத்தில் எப்படியான வீடு எழும்பவேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? மரபுக்கா, காசு அனுப்புபவருக்கா, அதில் படுத்தெழும்புபவருக்கா?

இடிபடும் அந்த வீடு என்ன என்பதை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை, பெருங்காடு இல்லை. மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணக்கல்; நிமிர்ந்து பார்த்தால் பனை. வீடு இந்த இரண்டிலிருந்தும்தான் வந்தது. முருகைக்கல்லை உடைத்துச் சுவர். அதையே சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு. சுண்ணாம்பையும் மணலையும் கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்துச் சாந்து. வைரம் பாய்ந்த பனையிலிருந்து வளையும் சலாகையும். ஓலை கூரைக்கு, மட்டை வேலிக்கு. வெளியே சங்கடப்படலை, அதன் இருபுறமும் குந்து. உள்ளே விறாந்தை, நடுவில் வானம் தெரியும் முற்றம். குசினி தள்ளி இருந்தது, புகைக்காகவும் நெருப்புக்காகவும். அந்த வீட்டில் மத்தியானத்தில் படுத்தவர்களுக்கு மின்விசிறி தேவைப்படவில்லை.

ஆனையிறவைத் தாண்டினால் வீடு மாறிவிடும். வன்னியில் குளத்துக் களியும் காட்டு மரமும் உண்டு. பாலையிலும் முதிரையிலும் கப்பு நட்டு, வரிச்சுக் கட்டி, இருபுறமும் மண் அப்பி, மேலே வைக்கோலோ இலுக்கோ வேய்ந்தார்கள். மழைக்குப் பிறகு சுவர் கரைந்தால் திரும்ப அப்புவது வீட்டுப் பெண்களின் வேலை. சாணம் மெழுகுவதும் அவர்கள் வேலைதான். இதை மண்வீட்டின் அழகு என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நெடுந்தீவில் காணிக்கு வேலியே முருகைக்கல். சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய மதில்கள், கடற்காற்று ஊடே போகும்படி இன்றும் நிற்கின்றன. மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடையே மணலில் தென்னோலைக் கிடுகு. 1978 நவம்பர் சூறாவளி அந்தக் கரையில் கிடுகையும் ஓட்டையும் ஒன்றாகவே அள்ளிக்கொண்டு போனது.

இப்படி ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வீடு இருப்பது நம்முடைய தனிப்பெருமை என்று எண்ணவேண்டியதில்லை. அரேபியா என்றால் நம்மில் பலருக்குக் கண்ணாடிக் கோபுரமோ தொழிலாளர் முகாமோதான் நினைவுக்கு வரும். அங்கே போய் உழைத்தவர்களுக்கும் அப்படித்தான். ஜித்தாவின் பழைய நகரில் செங்கடலின் முருகைக்கல்லை வெட்டிச் சுவர் எழுப்பி, இடையிடையே மரச்சட்டம் படுக்க வைத்துக் கட்டினார்கள். தெருப்பக்கம் மரவேலைப்பாட்டு யன்னல்கள் தொங்குகின்றன. காற்று உள்ளே வரும், பார்வை வராது. யெமனின் சிபாமில் பச்சை மண்கல்லிலேயே ஏழெட்டு மாடி. சனாவில் கீழே கல், மேலே சுட்ட செங்கல், யன்னலைச் சுற்றி வெள்ளைச் சாந்து. அசீர் மலைகளில் மழை உண்டு. அதனால் மண்சுவரில் தட்டைக்கல் வரிசைகளை வெளியே நீட்டிவிட்டார்கள், தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டிப்போக. வளைகுடாக் கரையில் ஏழைகளின் வீடு ஈச்சோலைத் தட்டி. நம் பனையோலைக் கொட்டிலின் ஒன்றுவிட்ட சகோதரம் என்றே அதைச் சொல்லலாம்.

மரபு பேசுபவர்கள் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. வளைகுடாவின் பழைய வீடுகளில் அறைகள் ஒடுக்கமானவை, அகலம் ஏறத்தாழ 3 மீற்றர். கூரைக்கு வைத்த கண்டல் மரக்கம்பின் நீளம் அவ்வளவுதான். அந்தக் கம்பு அந்த மண்ணில் விளைந்ததுமல்ல, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து பாய்க்கப்பலில் வந்தது. ஜித்தாவின் யன்னல் தேக்கும் கடல் தாண்டி வந்ததே. நம்முடைய கதையும் வேறல்ல. நாம் இன்று 'பாரம்பரியம்' என்று படம் பிடிக்கும் வீடுகளில் எத்தனையோ மலையாளக் கரையிலிருந்து வந்த ஓட்டைப் போட்டவை, பர்மாத் தேக்கில் கதவு வைத்தவை. கேட்டால் வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். சிமெந்தும் நேற்று வந்த அந்நியன் இல்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நிற்கும்வரை நம் காலடிச் சுண்ணக்கல்லைத்தான் அரைத்துச் சிமெந்தாக்கியது. அந்தக் கல் நம் கிணறுகளுக்கு நீர் தாங்கும் கல் என்பது வேறு விஷயம். ஆக, பொருள் உள்ளூரா வெளியூரா என்பதை மட்டும் வைத்து ஒரு வீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று உண்டு. நாற்சார் வீட்டை நினைத்து உருகும்போது அதை யார் நினைத்து உருகுகிறார் என்று கேட்கவேண்டும். சங்கடப்படலைக் குந்தில் வழிப்போக்கர் இளைப்பாறினர், உண்மைதான். எல்லா வழிப்போக்கரும் அல்ல. கல் உடைத்தவர், சுண்ணாம்பு சுட்டவர், பனையில் ஏறி ஓலை வெட்டியவர் எனப் பலர் தாம் எழுப்பிய வீட்டின் விறாந்தையில் ஏற முடியாதவர்கள். முற்றத்துக்கு வெளியே நின்று சிரட்டையில் தேநீர் குடித்தவர்கள். அந்த வீட்டுக் கிணற்றில் கயிறு போடக் கூடாதவர்கள். 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டதும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் போராடியதும் இந்த எல்லைக் கோடுகளை அழிக்கத்தான். வீட்டின் அமைப்பிலேயே அந்தக் கோடு கீறப்பட்டிருந்தது: படலைவரை யார், விறாந்தைவரை யார், முற்றம்வரை யார். அவர்களுடைய பிள்ளைகளும் இன்று ரொம்மனில் இருக்கிறார்கள், நம்மோடு ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். நாற்சார் வீடு இடிபடும் படம் அவர்களுக்கு என்ன சொல்லும் என்று நாம் கேட்டதுண்டா?

மலையகத்துக்குப் போனால் 'மண்ணுக்கேற்ற வீடு' என்ற பேச்சே தடுமாறும். பல லயங்களின் சுவர் அந்த மலையிலேயே உடைத்த கல். பொருள் உள்ளூர்தான். ஆனாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவை, அதில் வாழப்போகும் ஒருவரிடமும் கேட்டுக் கட்டவில்லை. ஒரு தலைக்கு எத்தனை அடி போதும் என்று கணக்குப் பார்த்தவர் துரை. அந்த வரிசையை நாம் மரபுக் கட்டடக்கலை என்று சொல்ல மாட்டோம், வாய் வராது. அப்படியானால் நாம் 'மரபு' என்று மதிப்பது கல்லையும் மண்ணையும் மட்டுமில்லை. தன் வீட்டைப் பற்றித் தானே யோசித்தவரின் கையை அங்கே தேடுகிறோம். வன்னி மண்வீட்டில் அது இருந்தது, நெடுந்தீவு மதிலிலும் இருந்தது. லயத்தில் இல்லை.

யுத்தம் முடிந்த பிறகு இதே கேள்வி அரசாங்கக் கடதாசியில் வந்தது. 2015, 2016இல் வடக்குக் கிழக்கில் 65,000 இரும்பு வீடுகளை ஆர்சிலர்மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்தைக் கொண்டு பொருத்துவதற்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு வீட்டுக்குச் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடுகளைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை: இந்த வெயிலில் இரும்புக்குள் எப்படி இருப்பது? உப்புக்காற்றுக்கு எத்தனை வருசம் தாங்கும்? அடுப்பை எங்கே மூட்டுவது? பிள்ளை வளர்ந்தால் பக்கத்தில் ஓர் அறை இறக்க முடியுமா? பொறியியலாளரும் பொருளியலாளரும் இதையே விரிவாக எழுதினார்கள். எதிர்ப்பு வலுத்தது, அந்த 65,000 வீடுகள் எழும்பவில்லை.

அதற்கு முன்னரே, 2012 முதல், இந்திய வீட்டுத்திட்டத்தில் வேறொரு வழி நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போட்டு, நீங்களே கட்டுங்கள் என்றார்கள். அதிலும் குறை உண்டு. விலைவாசி ஏறிக் காசு போதாமல் கடன்பட்டவர்கள், தாலியை அடகு வைத்தவர்கள் பலர். ஆணில்லாத வீடுகளில் பெண்கள் சிமெந்துப் பையோடும் மேசனோடும் மல்லுக்கட்டினார்கள். இருந்தும் குசினி எந்தப் பக்கம் என்பதை அவர்கள்தான் சொன்னார்கள். கடனில்லாத இரும்பு வீட்டையும் கடனோடு கூடிய கல்வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மக்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். அதை வெறும் கல்வீட்டு மோகம் என்று சிலர் கேலி செய்ததை நாம் ஏற்கவில்லை.

நோர்வேக்காரரும் இந்தச் சிக்கலைக் கண்டவர்கள்தான். ஒஸ்லோவின் பிக்டோயில் 1894இல் நிறுவப்பட்ட மக்கள் அருங்காட்சியகத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் நிற்கின்றன. முழுமரத்தை மூலையில் கொத்திக் கோர்த்த சுவர்கள். பூர்ச்ச மரப்பட்டையை அடுக்கி அதன்மேல் புல்தரை வளர்த்த கூரைகள். புகை போகக் கூரையில் ஓட்டை விட்ட செத்தெஸ்தால் வீடு. அங்கே கோல் என்ற ஊரின் பழைய மரத்தேவாலயமும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஊர்ச்சனம் அதைப் போதாது என்றது, புதிதாகப் பெரிதாகக் கட்ட விரும்பியது. பழமையை நேசித்த தலைநகரத்தார் என்ன செய்தார்கள்? நீங்கள் அந்த ஒடுக்கத்துக்குள்ளேயே கும்பிடுங்கள் என்று ஊராருக்குச் சட்டம் போடவில்லை. வாங்கினார்கள், கழற்றினார்கள், 1880களில் கொண்டுவந்து பிக்டோயில் பொருத்தினார்கள். நேசத்தின் செலவை நேசித்தவர்கள் ஏற்றார்கள். நாமோ நமது ஏக்கத்தின் செலவை ஊரில் இருப்பவரின் முழங்காலில் ஏற்றப் பார்க்கிறோம்.

அதே அருங்காட்சியகத்தில், வெசெல்ஸ் தெருவின் மாடிக் கட்டடத்துக்குள், 2002ஆம் ஆண்டைய பாக்கிஸ்தானியக் குடும்பமொன்றின் வீடும் காட்சிக்கு உண்டு. ஒருநாள் ரொம்மன் தமிழரின் வீடும் அப்படி வைக்கப்படலாம்: சாமிப்பட அலுமாரி, பல்கனியில் கறிவேப்பிலைச் சாடி, புகை அறியும் கருவிக்குக் கட்டிய பொலித்தீன் பை. நம் கையில் கிடைத்த கொங்கிறீற் பெட்டியை நாம் எப்படி வீடாக்கினோம் என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கும்.

முழங்கால் என்றது உவமைக்கில்லை. எங்கள் கட்டடத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார். வடமராட்சியில் அவருடைய தாயார், வயது எழுபத்தாறு, பழைய நாற்சார் வீட்டில். கூட இருந்து பார்ப்பது மூத்த சகோதரி. மழைக்கு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நண்பருக்கு வீட்டை அப்படியே திருத்திக் காப்பாற்ற ஆசை. சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த ஆட்களைக்கூடத் தேடிக்கொண்டிருந்தார். கனடாவிலிருக்கும் தம்பிக்கு மேல்மாடியும் பல்கனியும் வேண்டும். அடுத்த கோடைக்குப் பிள்ளைகளோடு வந்து நிற்க இடம் வேண்டுமாம். மேல்தட்டு பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில் கீழே இறக்கும் என்று நண்பர் சொன்னதற்கு, ஏசி பூட்டலாம் என்று பதில். மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் சண்டை. அக்காவும் அந்தக் குழுவில் இருந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் எழுதவில்லை.

கேட்டது மேசன். அளவெடுக்க வந்தவர் முற்றத்தில் நின்று, "வீட்டிலை இருக்கப் போறது ஆர்?" என்று கேட்டிருக்கிறார். தாயார் உள்ளேயிருந்து சொன்னதை அக்கா அப்படியே பதிவுசெய்து அனுப்பினார்: "வீடு எப்பிடியும் இருக்கட்டும் தம்பி. இரவிலை மூண்டு தரம் முத்தத்துக்கு இறங்கி ஏற என்னாலை ஏலாது. கக்கூசை அறைக்குப் பக்கத்திலை வையுங்கோ. மற்றது, இந்த முத்தத்தை மூடிப்போடாதையுங்கோ, எனக்கு மூச்சு முட்டும்."

இதைக் கேட்ட பிறகு காசு அனுப்புபவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று நாம் கருதவில்லை. கடற்கரை மணலைக் களவாக அள்ளிக் கட்டுகிறார்களா, மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம், சூளைக்காரருக்கும் கூலியாளுக்கும் ஒழுங்காகக் காசு போகிறதா என்றெல்லாம் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. சுண்ணக்கல் நிலத்தில் ஒரு வீட்டின் மலக்குழி அயல்வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். மேல்மாடியைப் பற்றிச் சண்டை பிடித்த அந்த மூன்று மாதத்தில் மலக்குழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போன கிழமை அக்கா ஒரு கொப்பித்தாளில் பென்சிலால் கீறி அனுப்பியிருந்தார். மேல்மாடி இல்லை. இறங்கிய பக்கம் மட்டும் புதிதாக, சிமெந்துக் கல்லில். மற்ற மூன்று பக்கமும் பழையபடி ஓடு. தாயாரின் அறையோடு ஒட்டிக் கக்கூசு, வாசலில் படி இல்லை, சரிவு. குழி கிணற்றின் மறுபக்கம், வேலி மூலையில். முற்றம் திறந்தபடி. குசினி யன்னல் கிணற்றடியைப் பார்க்கிறது. தம்பி இன்னும் பதில் எழுதவில்லை. மேசன் விலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.