காரணம் கேட்கும் கட்டம்

கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருஷமாக மாலை நேரக் கிளினிக் நடத்துகிறேன். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது என்பது படிக்கும்போதே தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறேன். "நாளைக்கு டூட்டி, டாக்டரம்மா. போன தடவை குடுத்தீங்களே மூணு நாள் மாத்திரை, அதையே எழுதிடுங்க" என்பார் ஒரு கண்டக்டர். வெளியே பன்னிரண்டு பேர் டோக்கனோடு காத்திருப்பார்கள். கை அசித்ரோமைசின் என்று எழுதிவிடும். அதில் தப்பிய கிருமி பிறகு யாரைப் போய்ப் பிடிக்குமோ, அந்த ஆள் என் முன்னால் நாற்காலியில் இல்லையே.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்ததிலிருந்து அது என்னை விடவில்லை. பாஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிகளில் 47 கிளினிக்குகள், 248 மருத்துவர்கள், 18 மாதம். ஒரு பிரிவினர் சளி இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதப்போனால் கணினித் திரையில் ஒரு கட்டம் வந்து காரணம் கேட்கும். பதில் நோயாளியின் பதிவேட்டில் நிற்கும். காலியாக விட்டால், காரணம் தரப்படவில்லை என்று பதிவாகும். மருந்து தேவையே இல்லாதவர்களில் 23 சதவீதம் பேருக்கு எழுதியவர்கள் 5 சதவீதத்துக்கு இறங்கினார்கள். எந்தத் தலையீடும் இல்லாத மருத்துவர்கள் 24இலிருந்து 13 வரைதான் வந்தார்கள்.

யாரோ பார்க்கிறார்கள் என்று செய்வது அறமாகுமா? ஆகும் என்றே நினைக்கிறேன். மனசாட்சி என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறார். இரவு எட்டரை மணிக்கு அவரும் களைத்துப்போயிருப்பார். அந்தக் கட்டம் அவரை எழுப்பி வாய் திறக்கச் சொல்கிறது. 'கண்டக்டருக்கு டூட்டி இருந்தது' என்று எழுத முயன்று பாருங்கள். பேனா நின்றுவிடும்.

ஆனால் கட்டத்தை எடுத்த ஒரு வருஷத்தில், பின்தொடர்ந்த ஆய்வின் கணக்குப்படி, அதே மருத்துவர்களின் அளவு 6இலிருந்து 10 சதவீதத்துக்கு ஏறியது. இது எனக்கு வலிக்கிறது. வெளியே இருந்த சாட்சி அத்தனை மாதம் பழகியும் உள்ளே குடியேறவில்லை. சக மருத்துவர்களோடு ஒப்பிட்டு மாதாமாதம் மின்னஞ்சல் பெற்ற இன்னொரு பிரிவில் ஏற்றம் குறைவு. கூட வேலை செய்கிறவர்களின் முகம் திரையைவிட நாளாக மனதில் நிற்குமோ என்னவோ.

என் கிளினிக்கில் கணினி இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஆன்டிபயாட்டிக் எழுதினால் அதில் ஒரு வரி காரணம்; சனிக்கிழமை நர்ஸம்மா அதைச் சத்தமாகப் படிப்பார்.

போன வாரம் அந்தக் கண்டக்டர் வந்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. "மாத்திரை வேண்டாங்க. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடலைன்னாலோ டோக்கன் போடாம நேரா உள்ள வாங்க" என்றேன். முகம் சுண்டிப்போய் எழுந்தார். நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.