வரிசையில் நிற்கும்போது நம் நிய்யத் என்ன?

2025 ஜனவரி 30 அன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு அமெரிக்காவில் 1,999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஒரு கடை வாசலில் பல நாள் முன்பே கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். வந்த சரக்கோ குறைவு. உடனே அதே கார்டுகள் இணையத்தில் மிக அதிக விலைக்கு மறுவிற்பனைக்கு வந்தன.

"வாங்கி விற்பது ஹலால்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். வியாபாரம் ஹலால்தான். பதுக்கல் பற்றிய தடை உணவுப் பொருளுக்கு உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. ஆனால் எதைத் தடுத்து வைத்தால் மக்களுக்குத் துன்பம் வருமோ, அதெல்லாம் பதுக்கலே என்றார்கள் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள். விளையாடுபவருக்கு இந்தக் கார்டு ஆடம்பரம்; அனிமேஷன் செய்து குடும்பம் நடத்துபவருக்கோ தொழில் கருவி.

யோசித்துப் பாருங்கள். சரக்கு கிடைக்காத ஊருக்கு அதைக் கொண்டுவரும் வியாபாரியின் லாபம் அவரது உழைப்புக்கான கூலி. கடையில் இருப்பதை எடுத்து, நமக்குப் பின்னால் நிற்பவரிடமே கூடுதல் விலை கேட்டால், நாம் அவருக்கு எதைக் கொண்டுவந்தோம்? அவருடைய அவசரத்தைத்தானே விற்கிறோம்?

தேவை இருந்தால் ஒன்று வாங்குங்கள்; அடுத்தவருக்கும் வழி விடுங்கள். நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.