கால் போனால் அழைப்பும் போகுமா?

"முதலில் சுகம் கிடைக்கட்டும், ஊழியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்கிறாயா? தம்பி, தங்கையே, உன்னை எழுந்திரு என்று சொல்ல மாட்டேன். எழ முடியாமல் இருக்கலாம். புறப்படு என்கிறேன்!

வேலூரில் ஒரு டாக்டர் அப்படித்தான் புறப்பட்டார். மேரி வர்கீஸ், 1925-இல் கொச்சியில் பிறந்தவர்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முகம் சிதைந்தது, தண்டுவடம் அடிபட்டது. இரண்டு கால்களும் செயலிழந்தன. முப்பது வயதுகூட ஆகாத டாக்டர், படுத்த படுக்கையானார்.

அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் ஈடுபட்டிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். நரம்பு செத்துப்போன கையில் விரல்கள் உள்பக்கமாக மடங்கிவிடும். சோற்றைப் பிசைய வராது, பேனா நிற்காது. நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை மாற்றிக் கொண்டுவந்து அந்த விரல்களோடு தைத்தால் விரல் நிமிரும். இதற்கு டாக்டர் நின்றாக வேண்டும் என்பதில்லை. நோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்தால் உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தியைப் பிடித்தார். கால்களில் உணர்வற்றவர், கைகளில் உணர்வற்றவர்களின் விரல்களை நிமிர்த்தினார்!

அதோடு நின்றாரா? நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்கே திரும்பினார். 1966-இல் அங்கே பாகாயம் பகுதியில் மறுவாழ்வு மையம் எழும்பியது. தண்டுவடம் அடிபட்டு வந்தவர்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் தம் வேலையைத் தாமே செய்யவும் அங்கே பழகினார்கள். 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஒன்றைக் கவனி. அவருக்காக ஜெபித்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. ஊழியம் நடந்தது!

"உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் சுகமில்லை" என்று யாராவது உன் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள். அவர்களைப் பவுலிடம் அனுப்பு. மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை கிடைத்தது. பவுலுக்கா விசுவாசம் குறைவு? பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். அவர் சுமத்தாத பழியை நீ ஏன் சுமக்கிறாய்? இறக்கி வை!

பச்சிளம் பருவத்திலேயே பார்வை இழந்த ஃபேனி கிராஸ்பி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை எழுதினார். பாட்டோடு நிற்காமல், நியூயார்க்கின் ஏழைகள் நடுவே ஊழியமும் செய்தார். ஜோனி எரெக்சன் டாடா, 1967-இல் பதினேழு வயதில் தண்ணீரில் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து, கைகால்கள் முடங்கியவர். பல்லில் தூரிகையைக் கடித்து ஓவியம் தீட்டக் கற்றார். 1979-இல் அவர் தொடங்கிய ஊழியம், பல நாட்டு ஏழைகளுக்குச் சக்கர நாற்காலிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தன்னால் நகர முடியாதவர் எத்தனை பேரை நகர வைத்திருக்கிறார், பார்!

உன்னிடம் என்ன இல்லை என்று ஊரே கணக்கு வைத்திருக்கிறது. என்ன இருக்கிறது என்று நீ கணக்கெடு. குரல் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பவருக்குப் போன் செய்து ஜெபி. படிப்பு இருக்கிறதா? தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடு. ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கு. புதிதாகக் கால் இழந்த ஒருவர் உன் ஊரில் இருந்தால் அவர் வீட்டுக்குப் போ. எந்தப் பிரசங்கியாரும் சொல்ல முடியாத ஆறுதலை நீ சொல்வாய். அந்த இருட்டு உனக்குத் தெரியும்.

ஆலயப் படிக்கட்டு தடுக்கிறதா? சாய்தளம் கட்டச் சொல்லிச் சபைக் கமிட்டியிடம் கேள். கூச்சப்படாதே. உனக்குப் பின்னால் வரப்போகும் முதியவருக்கும் நோயாளிக்கும் அதே வழிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம், "ஐயா, எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாதே. "எனக்கு ஒரு வேலை கொடுங்கள்" என்று சொல். கொடுக்கும்வரை விடாதே!