முழுதும் கேட்டல்

ஒருவர் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது. வழக்கு மன்றத்திலும் குடும்பப் பூசலிலும் இதனை நாம் வற்புறுத்துகிறோம். ஆயின் இசைக்கும் இந்நீதி உண்டா? ஒரு கலைஞர் முதல் முதல் முடிவு வரை ஒரே பொருளாக அமைத்த இசைத்தட்டில் நமக்கு உவந்த பகுதியை மட்டும் கேட்டு, எஞ்சியதைத் தள்ளிவிடலாமா? இதுவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்று மார்க்க அறிஞர்களிடையே நெடுநாளாக நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் இங்குத் தொடவில்லை.

அரபு மொழியில் கேட்டலைக் குறிக்கும் சொற்கள் பல. செவியில் தானே வந்து விழுவது 'ஸம்உ'. நாடிக் கேட்பது 'இஸ்திமாஉ'. வாய் பொத்தி, உள்ளத்தையும் ஒடுக்கிக் கேட்பது 'இன்ஸாத்'. கடைத்தெரு ஒலிபெருக்கி முதல் வகைக்கே போதும். நாம் பேச வந்தது மூன்றாம் வகையைப் பற்றி.

பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்றது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கின. நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, நிழற்படத் தொகுப்பைப் போல் ஒரே கட்டாகக் கட்டினர். 'ஆல்பம்' என்னும் பெயர் வந்தது அவ்வாறே. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை வெளியிட்டபோது ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. ஒரு நீண்ட கருத்தை இடையறாது சொல்ல வழி பிறந்தது.

அவ்வழியில் நடந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். போதைக்கு அடிமையாயிருந்த அவர் 1957-இல் அதினின்றும் மீண்டார். அது இறைவனருளால் நேர்ந்த விழிப்பு என நம்பினார். அதற்கு நன்றியாக, 1964 டிசம்பர் 9-ஆம் நாள் நியூஜெர்சியில் மூன்று துணைவர்களுடன் அவர் பதிவு செய்ததே 'எ லவ் சுப்ரீம்'. அது 1965-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 33 நிமிடங்கள், நான்கு பகுதிகள். ஏற்பு, உறுதி, நாட்டம், துதி என அவற்றின் பெயர்களைத் தமிழிற் சொல்லலாம்.

முதற் பகுதியில் நான்கே சுரங்களாலான ஒரு சிறு தொடர் எழுகிறது. அதனைச் சாக்ஸபோன் பன்னிரு சுருதிகளுக்கும் கொண்டு செல்கிறது. பின்னர் மனிதக் குரல் அதையே ஓதுகிறது. மூன்றாம் பகுதி முரசின் முழக்கத்தோடு தொடங்கிப் பெருவேகத்தில் பாய்ந்து, தனித்த தந்தியொலியில் அடங்குகிறது. நான்காவதில் தாளவேகம் இல்லை. தட்டின் உறையில் அச்சிட்ட தம் துதிப்பாவைக் கோல்ட்ரேன் வாயால் சொல்லாமல், அசை அசையாகக் கருவியால் சொல்கிறார். இப்பகுதியை மட்டும் கேட்பவருக்கு அது நோக்கமின்றி அலையும் ஒலியாகத் தோன்றலாம். முன்னைய மூன்றையும் கடந்து வந்தவருக்கோ அது ஓடிக் களைத்தவன் தலைசாய்க்கும் இடம். ஒலி ஒன்றே; கடந்து வந்த வழியே பொருளைத் தருகிறது.

எல்லாத் தட்டுகளும் இத்தகையன அல்ல என்பார் உளர். உண்மை. தனிப்பாடல்களின் திரட்டில் வேண்டியதைப் பொறுக்குவதில் குற்றமில்லை. பழக்கூடையில் ஒரு பழத்தை எடுப்பது போன்றது அது. மாலையில் ஒரு பூவைப் பறிப்பதோ வேறு. 2021 நவம்பரில் பாடகி அடேல் வேண்டியதற்கிணங்க, ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பங்களைக் கலைத்துப் போட்டு ஒலிக்கும் முறையை முதன்மை நிலையிலிருந்து அகற்றியது. வரிசையும் படைப்பின் ஒரு பகுதியே என்பதுதான் அவர் வாதம்.

நேரமில்லை என்பது அடுத்த வாதம். உழைத்துக் களைத்தவர் ஒரு பாட்டோடு நிறுத்தினால் யார் குறை கூறுவர்? அவர் கேட்காதிருக்கலாம், கேளாத பகுதியைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருந்தாற் போதும். நாம் வேண்டுவது அந்த நேர்மை ஒன்றையே.

முழுதும் கேட்பவர், அடுத்து வருவது எது என்று முடிவு செய்யும் உரிமையைச் சற்று நேரம் பிறரிடம் ஒப்படைக்கிறார். சலிப்பூட்டும் இடத்திலும் இதற்கொரு காரணம் இருக்கக்கூடும் என நம்பிக் காத்திருக்கிறார். முதிய தந்தையின் நீண்ட பேச்சுக்கும், திக்கித் திணறும் மாணவனின் விடைக்கும் நாம் கடன்பட்டிருப்பது இதே பொறுமைதான். எங்கே பயின்றாலும் அது நற்பயிற்சியே.