ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்!

"எல்லாம் ஆண்டவருடைய சித்தம்." நம் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வார்த்தைக்கு ஓய்வே கிடையாது. கல்யாணம் கூடி வந்தாலும் இதுதான், முறிந்துபோனாலும் இதுதான். பையன் பரீட்சையில் தேறவில்லையா? ஆண்டவர் சித்தம். அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுக்கையில் விழுந்தாரா? அதுவும் சித்தம். புத்தகத்தைத் தொடாத பையனுக்கும் மாத்திரையைத் தொடாத அப்பாவுக்கும் பரலோகமா பொறுப்பு? நம் சோம்பலுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அதற்குத் தேவசித்தம் என்று பெயர் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்!

ஒப்புக்கொடுப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் கெத்செமனே தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பாத்திரம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். திரும்பத் திரும்பப் போய் ஜெபித்தார். அவருடைய வேர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். உள்ளே மனசு கதறிக்கொண்டிருக்க, வாய் மட்டும் பக்தியாய்ப் பேசுகிற வேலை அங்கே நடக்கவில்லை. இருந்த வேதனையெல்லாம் கொட்டின பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தலைவணங்கினார். அதற்கடுத்து நடந்ததை நம்மில் பலர் கவனிப்பதில்லை. தூங்கிக்கிடந்த சீஷர்களை எழுப்பினார். பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் தாமே போய் நின்றார். கீழ்ப்படிந்தவர் மூலையில் உட்காரவில்லை, எழுந்து நடந்தார்!

வில்லியம் கேரி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். 1793-இல் வங்காளம் வந்தவர். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் செராம்பூரில் அவரும் நண்பர்களும் நடத்திய அச்சகத்தில் 1812 மார்ச் 11-ஆம் தேதி மாலை தீப்பிடித்தது. பல மொழிகளுக்கு வார்த்து வைத்திருந்த அச்செழுத்துகள் உருகிப்போயின. தமிழ் எழுத்துகளும் அவற்றில் அடக்கம். கட்டுக்கட்டாகக் காகிதம், மொழிபெயர்ப்புகளின் கையெழுத்துப் பிரதிகள், இலக்கண நூல்கள், கேரி உழைத்து உழைத்துத் தொகுத்துவந்த பன்மொழி அகராதி, எல்லாம் போயின. அன்றைக்குக் கேரி கல்கத்தாவில், ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வேலையாக இருந்தார். மறுநாள் அந்த நண்பர்களில் ஒருவரான மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். அப்போது கேரிக்கு வயது ஐம்பது. ஐம்பது வயதில், மேஜைமேல் இருந்த வருஷக்கணக்கான வேலை ஒரே ராத்திரியில் காணாமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கேரி பிரசங்கம் செய்தார். 46-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனத்தை எடுத்துக்கொண்டு இரண்டே காரியங்கள் பேசினார். நம்மைத் தம் விருப்பப்படி நடத்தத் தேவனுக்கு உரிமை உண்டு; அவர் செய்வதற்கு நாம் மனப்பூர்வமாய் இணங்க வேண்டும். பேசினது இவ்வளவுதான். செய்தது என்ன தெரியுமா? சாம்பலைக் கிளறினார்கள். எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. உருகி உறைந்துகிடந்த உலோகத்தை எடுத்து மறுபடி எழுத்து வார்த்தார்கள். ஓரமாக இருந்ததால் தப்பித்த அச்சு இயந்திரங்களை வேறு இடத்தில் நிறுத்தினார்கள். சில மாதங்களில் அச்சு வேலை திரும்பவும் சூடுபிடித்தது. செய்தி இங்கிலாந்துக்குப் போனதும் சபைகள் இரண்டே மாதத்துக்குள் சுமார் 10,000 பவுண்டு திரட்டின.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பன்மொழி அகராதி திரும்ப வரவேயில்லை. போனது போனதுதான். இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்க் கிடைக்கும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் கேரியின் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த மீதிப் பாதிதான் பிடிக்கும். கிடைக்காததையும் தேவன் கையில் விட்டுவிட்டு, இருக்கிற உலோகத்தை உருக்கினாரே, அந்த நெஞ்சுரம் உங்களுக்கும் வேண்டும்!

வேலூரில் மருத்துவமனை கட்டிய ஐடா ஸ்கடரும் இப்படித்தான். மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற அவரை அழைக்க வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் என்பதால் அவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவில் ஐடா தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். மறுநாள் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அவர் அமெரிக்கா போய், உட்கார்ந்து மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கினார். 1918-இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். தேவன் அழைத்தார் என்பதற்காக அவருக்கு யாரும் பரீட்சையைத் தள்ளுபடி செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள்வது தேவசித்தம் என்று யார் சொன்னாலும், பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னாலும், நம்பாதே, தங்கச்சி. அது அவனுடைய சித்தம். வரதட்சணை கேட்பது கேட்கிறவனுடைய சித்தம். கூலியைப் பிடித்துவைப்பது முதலாளியின் சித்தம். மனுஷனின் அக்கிரமத்துக்குத் தேவன் பேரில் ரசீது எழுதுகிறவர்களுக்கு முன்னால் தலை குனியாதே. கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்த முதுகெலும்பு வேறு யாருக்கும் வளைய வேண்டியதில்லை!

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். வேலை கிடைக்குமா, வீட்டுக் கடன் அடையுமா, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன வரும் என்று பயப்படுகிறீர்கள். இன்று ராத்திரி முழங்காலில் நின்று அந்தப் பயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள். முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். அது உங்கள் கையில் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் உழைப்பு உங்களுடையது, அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். காலையில் எழுந்து வங்கி மேலாளரைப் பாருங்கள். டாக்டர் சொன்ன தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனுக்கு நீங்களே முதலில் ஃபோன் போடுங்கள். ஒருமுறை தோற்ற பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பம் எழுதுங்கள். அதற்குக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்!